விறகுப்புரைச் சுவருக்குள் குளவி, எரித்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

மேல்புறம் ஜெயா | ஞாயிறு காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது எழுத வைத்துவிட்டது.

எங்கள் வீடு மேல்புறத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், ரப்பர் விளைகளுக்குள் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அடுக்களைக்குப் பின்னால் விறகுப்புரை. அதன் சுவர் ஹாலோ பிளாக் கட்டு. பழைய குழாயைக் கழற்றிய ஓட்டையை அடைக்காமல் விட்டுவிட்டோம். ஆவணியிலிருந்தே அதற்குள் ஏதோ போய் வந்துகொண்டிருந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. இந்த ஒரு வாரமாக ஓட்டையின் வாயே தெரியாத அளவுக்கு வெளியே மொய்த்துக்கொண்டு நிற்கிறது. மஞ்சளும் கறுப்புமாக வரி. குளவி என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சின்னவனுக்குக் காதோரம் கொட்டிவிட்டது. ஆறு வயசு. மறுநாள் காலையில் ஒரு கண் திறக்கவே முடியவில்லை, அந்த அளவுக்கு வீக்கம். மாமியார் சுண்ணாம்பு தடவினார்கள். இன்று வடிந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணன், ராத்திரி மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தால் அஞ்சு நிமிஷ வேலை என்கிறார். உள்ளே விறகு, காய வைத்த ரப்பர் ஷீட், ஒரு காலி கேஸ் சிலிண்டர். வீட்டுக்காரர் சவுதியில். மாமா பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறவர், ஆனால் தானே கம்பும் துணியுமாக இறங்கத் தயாராக நிற்கிறார். அவரைப் பிடித்து வைப்பதுதான் இப்போது எனக்குப் பெரிய வேலை. படம் இரண்டு போட்டிருக்கிறேன். ஒன்று கிட்டே இருந்து, இன்னொன்று முற்றத்திலிருந்து.


விளவங்கோடு சுரேஷ் | ஞாயிறு காலை 9.32

அக்கா, இதற்குப் போய் இவ்வளவு யோசனையா? எட்டு மணிக்கு மேல் எல்லாம் உள்ளே அடங்கிவிடும். அரை பாட்டில் பெட்ரோலை உள்ளே விட்டு ஒரு தீக்குச்சி. நாங்கள் போன வருஷம் மாட்டுத்தொழுவத்தில் செய்தோம், ஒன்றும் ஆகவில்லை. கைலியைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும்.


அருமனை ராசன் | ஞாயிறு காலை 10.05

தம்பி சுரேஷ், ரப்பர் ஷீட் அடுக்கிய புரையில் பெட்ரோலா? ரப்பரில் தீ பிடித்தால் வாளித் தண்ணீருக்கு அடங்காது. புகை மட்டும் குழித்துறை வரைக்கும் தெரியும். உங்கள் தொழுவத்தில் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது மாட்டின் அதிர்ஷ்டம்.

ராத்திரி எல்லாம் அடங்கிவிடும் என்பதையும் நம்பாதீர்கள். நான் இருபத்தைந்து வருஷமாகப் பால்வெட்டுக்குப் போகிறவன். விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவோம். ஒருமுறை தாழ்ந்த கிளையில் கடந்தல் (பெரிய விஷக்குளவி) கூடு இருந்ததைப் பார்க்காமல் மரத்தில் கத்தியை வைத்துவிட்டேன். நேராக நெற்றி வெளிச்சத்துக்குத்தான் வந்தது. லைட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இருட்டுக்குள் ஓடினேன். ஆறு கொட்டு. லைட் கிடந்த இடத்தில் அது பாட்டுக்கு விடியும்வரை சுற்றிக்கொண்டிருந்தது.


தேன்பெட்டி | ஞாயிறு காலை 11.20

ஜெயா, எதையும் செய்யுமுன் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

மகனுக்குக் கொட்டிய இடத்தில் முள் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்ததா? திரும்பி வருகிற பூச்சிகளில் சிலவற்றின் பின்னங்காலில் மஞ்சளாகவோ வெளுப்பாகவோ சின்ன உருண்டை தெரிகிறதா? உடம்பில் மெல்லிய ரோமம் இருக்கிறதா, இல்லை எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுப்பா?

முள்ளும் உருண்டையும் ரோமமும் இருந்தால் அது தேனீ. குளவிக்கு முள் கழன்று விழாது, திரும்பத் திரும்பக் கொட்டும். காலில் மகரந்தம் கட்டிக்கொண்டும் வராது. உங்கள் முதல் படத்தை வைத்துச் சொன்னால் எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் பெட்டியில் வளர்க்கும் அதே அடுக்குத் தேனீதான். சுவர்ப் பொந்து, மரப்பொந்து, பாழடைந்த பானை என்று இருட்டான இடமாகப் பார்த்து அடுக்கடுக்காக அடை கட்டும். எரிக்க வேண்டிய பூச்சியே இல்லை. எடுத்துப் பெட்டியில் வைத்துவிடலாம்.

இது எனக்குப் பிழைப்பு என்பதால் சொல்லவில்லை. 1991, 92ல் இந்தப் பக்கம் தேனீக்கு வந்த நோயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புழுவெல்லாம் தண்ணீர்ப் பை மாதிரி ஊதிச் செத்தன. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பெட்டி காலியாகி, கோழி அடைக்கப் பயன்பட்டது. பிறகு தொழில் தலையெடுத்ததே, பொந்திலும் பாறை இடுக்கிலும் அந்த நோய்க்குத் தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிடித்துப் பெருக்கித்தான். அதனால் சுவரில் தேனீ என்றால் எனக்கு மண்ணெண்ணெய் என்ற வார்த்தையே காதில் விழக்கூடாது.

சரி, இப்போது முக்கியமான விஷயம். உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலது மூலையில், கொல்லாமரத்தில் (முந்திரி) பழுப்பாகத் தொங்குகிறதே, அது என்ன?


மேல்புறம் ஜெயா | ஞாயிறு மதியம் 12.40

அண்ணே, முள் இருந்தது. அம்மா (மாமியார்தான்) நகத்தால் கிள்ளி எடுத்தார்கள். காலில் உருண்டையும் இருக்கிறது, இப்போதுதான் தூரத்தில் நின்று பார்த்தேன். அப்போ தேனீயா! ஒரு வாரமாகக் குளவி குளவி என்று பயந்ததற்கு.

கொல்லாமரத்தில் இருப்பது முசுறு எறும்புக் கூடு. ரொம்ப நாளாக அங்கேதான் கிடக்கிறது. பிள்ளைகள் அதற்குக் கீழேதான் ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள்.


தேன்பெட்டி | ஞாயிறு மதியம் 12.52

ஜெயா, பிள்ளைகளை இப்போதே அங்கிருந்து கூப்பிடுங்கள். சத்தம் போடாமல். ஊஞ்சலைக் கழற்றப் போக வேண்டாம், அது அங்கேயே கிடக்கட்டும்.

முசுறு பச்சை இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டும். இலையின் உருவம் தெரியும். உங்கள் படத்தில் இலையே இல்லை. காகிதத்தைக் குழைத்துப் பூசியது போல, அலை அலையாகப் பழுப்பும் வெளுப்புமாக வரி ஓடுகிறது. கால்பந்தைவிடப் பெரிது. பத்து மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நின்று போன் கேமராவை ஜூம் செய்து பாருங்கள். பக்கவாட்டில் ஒரே ஒரு வாசல் இருக்கும். வருகிற பூச்சி கறுத்து, நீளமாக, வயிற்றுப் பகுதியில் அகலமான ஒரு ஆரஞ்சுப் பட்டையோடு இருந்தால் கடந்தல். பிளாஷ் போடாதீர்கள், கல் எறிந்து பார்க்காதீர்கள். மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தேனீ இந்த ஒரு வாரமாகத்தான் ஓட்டைக்கு வெளியே மொய்க்கிறது என்றீர்கள். அந்த வாசலுக்கு முன்னால் பெரிய பூச்சி ஒன்று அந்தரத்தில் அப்படியே நின்று நின்று பறக்கிறதா என்று பாருங்கள். கடந்தல் தேனீயைப் பிடித்துத் தின்னும். கூட்டுக்கு வருகிற தேனீயை வாசலிலேயே தட்டிப் பறித்துக்கொண்டு போகும். அதனால் தேனீக்கள் வாசலில் திரண்டு, எல்லாமாகச் சேர்ந்து உடம்பை உதறும். கடந்தல் கிட்டே வந்து மாட்டிக்கொண்டால் நூற்றுக்கணக்கில் அதன்மேல் பந்தாக ஏறி, இறக்கைத் தசையை அதிரவைத்துச் சூடேற்றும். பந்துக்குள்ளே 45 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். தேனீ தாங்கும், கடந்தல் வெந்து சாகும். இப்படி ஒரு வாரமாகப் போர் நடக்கிற வாசலில் உங்கள் பையன் போய் நின்றிருக்கிறான். சாதாரண நாளாக இருந்தால் அந்தத் தேனீ அவனைச் சீண்டியே இருக்காது.


மேல்புறம் ஜெயா | ஞாயிறு மதியம் 1.30

நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறது அண்ணே. ஆரஞ்சுப் பட்டை. ஓட்டைக்கு முன்னாலும் ஒன்று நிற்கிறது. கை நடுங்குகிறது. இந்த ஊஞ்சலில் ரெண்டு பேரும் நேற்று சாயங்காலம்வரை ஆடினார்கள்.


பாறசாலை லதா | ஞாயிறு மாலை 4.15

நான் கேரளப் பக்கம் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். ஜெயா, முதலில் பையனைப் பற்றி. கொட்டிய இடத்தைச் சுற்றி வீங்குவதும், அது இரண்டு நாள்வரை ஏறுவதும் வழக்கம்தான். முகம் என்பதால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பயப்பட வேண்டியது வேறு அடையாளங்களுக்கு. கொட்டாத இடத்திலும் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு, நாக்கு வீக்கம், குரல் கரகரப்பு, மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல், கண் இருட்டுவது. கொட்டிய சில நிமிஷத்திலேயே இவை தொடங்கலாம். அப்போது சுண்ணாம்பு தேடுவதில் ஒரு நிமிஷம்கூடப் போகக்கூடாது. 108. படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். எழுப்பி நடக்கவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் போட வேண்டியது அட்ரினலின், தொடைத் தசையில். "ஒரு அவில் ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று எங்களிடம் வந்து சொல்பவர்கள் நிறைய. அவில் அரிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாய் அடைப்பதை நிறுத்தாது. சரியான பிறகும் சில மணி நேரம் வைத்துப் பார்ப்போம், திரும்ப வரக்கூடும் என்பதால்.

சிலருக்கு அலர்ஜியே இருக்காது, ஆனால் கொட்டின எண்ணிக்கை அதிகமாக இருக்கும். அது வேறு கணக்கு. பெரியவர்களுக்கு ஐம்பதுக்கு மேல் என்றால், ஆள் நன்றாக நடந்து வந்தாலும் அனுமதிக்க வேண்டும். குழந்தைக்கும் கடந்தல் கொட்டியவர்களுக்கும் அதைவிட மிகக் குறைவே போதும். விஷம் தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துச் சிறுநீர் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் வரும், அல்லது குறையும். வீட்டுக்குப் போய்விட்டு அந்த நிறத்தோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முள் விஷயத்தில் அம்மா செய்தது சரி. முள்ளோடு விஷப்பையும் கழன்று வந்து, தானாக அமுக்கிக்கொண்டே இருக்கும். நகமோ, ஏடிஎம் கார்டோ, எதுவானாலும் சரி. எப்படி எடுத்தீர்கள் என்பதைவிட எத்தனை நொடியில் எடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு. அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ். சுண்ணாம்பு வேண்டாம். விஷம் தோலுக்கு அடியில் இருக்கிறது, சுண்ணாம்பு மேலே நிற்கிறது. குழந்தையின் தோலைப் பொசுக்குவதுதான் மிச்சம். விரலில் கொட்டினால் மோதிரத்தை உடனே கழற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து வந்தால் நாங்கள் வெட்டித்தான் எடுப்போம்.

மாமாவின் பிரஷர் மாத்திரை எதுவென்று பாருங்கள். அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி "லால்" என்று முடிந்தால், அலர்ஜி வந்தபோது அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கம்பை அவர் கையிலிருந்து வாங்கி வைக்க உங்களுக்கு இது ஒரு காரணமாகவும் ஆகும்.


கம்பம்மெட்டு குமார் | ஞாயிறு மாலை 5.00

தேன்பெட்டி அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எங்கள் ஏலத்தோட்டத்தில் காய் பிடிப்பதே தேனீயால்தான். பூ விரிந்திருக்கும் காலையில் மருந்தடிக்கப் போனால் எங்கள் கங்காணி அடிக்க வருவார்.


செங்கோட்டை மணி | ஞாயிறு இரவு 8.20

பெயரில்தான் பாதிக் குழப்பம். நீங்கள் கடந்தல் என்பதைத் தஞ்சாவூர்ப் பக்கம் கதண்டு என்பார்கள், பேப்பரில் விஷவண்டு என்று போடுவார்கள், மலையாளத்தில் கடன்னல். யார் எதைச் சொல்கிறார்கள் என்று தெரியாமலேயே ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறோம்.

எங்கள் ஊரில் பிரச்சினை மலைத்தேனீ. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரே ஒரு பெரிய அடை, முறம் மாதிரி தொங்கும். இதற்கு இருட்டுப் பொந்து வேண்டாம், வெட்டவெளியிலேயே கட்டும். பெட்டிக்கும் வராது. எங்கள் தெருத் தொட்டியில் இரண்டு வருஷம் தொடர்ந்து ஒரே இடத்தில் வந்தது. நான் மாடியிலிருந்து வேடிக்கை பார்ப்பேன். ஏதாவது கிட்டே பறந்தால் அடையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான தேனீயும் வயிற்றை வரிசையாகத் தூக்கித் தூக்கி இறக்கும். நெல்வயலில் காற்றடித்த மாதிரி ஒரு அலை மேலிருந்து கீழே ஓடும். அது எச்சரிக்கை. அதோடு நிறுத்திக்கொண்டால் ஒன்றும் இல்லை.

ஒருநாள் தேன்பருந்து வந்து அடையில் அடித்துவிட்டுப் போய்விட்டது. அதற்கு இறகு கவசம். கீழே குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஒரு அண்ணன் பக்கத்துக் கிணற்றுத் தொட்டிக்குள் குதித்துவிட்டார். தண்ணீருக்கு மேலே அவர் தலை எழுந்தபோதெல்லாம் கொட்டு. ஓடினவர்கள் தப்பினார்கள். முகத்தைத் துணியால் மூடி, கையை வீசாமல், நேராக ஓடி, ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினவர்களுக்கு ரெண்டு மூணு கொட்டோடு போயிற்று. ஒன்று கொட்டினால் அந்த இடத்தில் வாழைப்பழ வாசனை மாதிரி ஒன்று வரும், மற்றத் தேனீக்கு அதுதான் அழைப்பு. அடித்து நசுக்கினால் இன்னும் கூடும்.

நாங்கள் கூட்டை ஒன்றும் செய்யவில்லை. குழாயடியைத் தெருமுனைக்கு மாற்றினோம், தொட்டியின் கீழ் லைட்டை நிறுத்தினோம். மழைக்காலம் தொடங்கியதும் அதுவே கிளம்பிவிட்டது. காலி அடையைச் சுரண்டி, இடத்தைத் தார் பூசி விட்டோம். அடுத்த வருஷம் வரவில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போனது, அவர்கள் எங்களோடு பேசுவதில்லை.


அருமனை ராசன் | ஞாயிறு இரவு 8.45

பெயர்க் குழப்பம் என்றதும் ஞாபகம் வருகிறது. என் மச்சான் திருவாரூர்க்காரர். எங்கள் வீட்டில் கொசுவுக்குக் கதம்பை போட்டுப் புகைக்கச் சொன்னேன். தேங்காய்க் கதம்பையை, அதாவது மட்டையைத்தான் சொன்னேன். அவருக்கோ கதம்ப வண்டுதான், அதாவது கதண்டுதான் தெரியும். "வண்டைப் புகைக்கவா?" என்று வாசலோடு நின்றுவிட்டார்.


தக்கலை மருமகள் | ஞாயிறு இரவு 9.30

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் ஜன்னல் சட்டத்தில் மண்ணால் குழல் குழலாக ஒரு கூடு. இடிக்கலாமா? அத்தை இடிக்கவே விடமாட்டேன் என்கிறார். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்குமாம். கல்யாணமாகி எட்டு மாசம்தான் ஆகிறது. கூட்டைப் பார்ப்பதும் என் வயிற்றைப் பார்ப்பதுமாக இருக்கிறார்.


தேன்பெட்டி | ஞாயிறு இரவு 10.10

அது மண்குளவி. தனியாள். காவல் காக்கக் கூட்டம் கிடையாது. கையால் அமுக்கிப் பிடித்தால் ஒழியக் கொட்டாது. ஒவ்வொரு அறையிலும் சிலந்தியையோ பச்சைப் புழுவையோ கொட்டி மரத்துப்போகச் செய்து அடைத்து, மேலே ஒரு முட்டை இட்டு, வாயை மூடிவிட்டுப் போய்விடும். பெரியவர்கள் குளவி கொட்டிக் கொட்டிப் புழுவே குளவியாகிறது என்பார்கள். உண்மையில் புழு குளவிக் குஞ்சுக்குச் சோறு. உடைத்த கூட்டுக்குள் பாதி தின்ற புழுவைப் பார்த்த யாரும் அந்த உவமையைத் திரும்பச் சொல்ல மாட்டார்கள்.

எல்லா அறையிலும் ஓட்டை விழுந்திருந்தால் குஞ்சுகள் போய்விட்டன, தட்டிவிடலாம். அத்தையிடம் நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

ஜெயா, செவ்வாய் மதியத்துக்கு மேல் வருகிறேன். கடந்தலுக்கு நான் ஆள் இல்லை. 101ல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். மரம் எத்தனை அடி, கூடு எந்த உயரம், பக்கத்தில் கரண்ட் கம்பி போகிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் அதற்குத் தக்கபடி வருவார்கள்.


மேல்புறம் ஜெயா | செவ்வாய் இரவு 9.50

முதல் பாதி முடிந்தது. கேட்டவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

தேன்பெட்டி அண்ணன் நாலு மணிக்கு ஒரு பையனோடு வந்தார். நான் என்னவோ விண்வெளி உடுப்பு மாதிரி எதிர்பார்த்தேன். வெள்ளை முழுக்கைச் சட்டை, முகத்துக்கு வலைத் தொப்பி, அவ்வளவுதான். கறுப்பு வேண்டாமாம், கறுப்பைக் கண்டால் தேனீக்குக் கோபம் வருமாம். என் மாமாவின் கறுப்பு ஸ்வெட்டரைப் பார்த்ததும் அவரை வீட்டுக்குள் அனுப்பிவிட்டார். அந்த ஒரு வேலைக்கே அவருக்கு நன்றி சொல்லணும்.

கதம்பையைக் கொளுத்தி ஊதி, ஓட்டைக்குள் மூன்று தடவை மட்டும் புகை காட்டினார். பிறகு ஓட்டையின் மேல் இருந்த இரண்டு பிளாக்கை உளியால் தட்டி எடுத்தார். உள்ளே ஆறு அடை, சீப்பில் வாழைக்காய் மாதிரி ஒன்றையொட்டி ஒன்று தொங்கியது. எனக்குப் பயம் போய்விட்டது. ஒவ்வொன்றாகக் கத்தியால் மேலே அறுத்து உள்ளங்கையில் ஏந்தினார். புழு இருக்கிற அடையை மட்டும் மரச்சட்டத்துக்குள் பொருத்தி, நனைத்த வாழைநாரால் ரெண்டு சுற்றுக் கட்டினார். அடை சட்டத்தோடு ஒட்டியதும் தேனீயே நாரைக் கடித்து இழுத்து வெளியே போட்டுவிடுமாம். பழைய கறுத்த அடை தனியாக. தேன் இருந்தது ஒரு கைப்பிடிதான். அம்மா வைத்திருந்த பெரிய பாத்திரத்தைப் பார்த்து அண்ணன் சிரித்துவிட்டார். இது மழை முடிகிற சமயம், அதற்கே சாப்பாடு போதாத காலம் என்றார்.

நாலாவது அடையில் ராணி. மற்றதைவிட நீளம், கொஞ்சம் கறுப்பு, இறக்கை மட்டும் குட்டை. துளை போட்ட ஒரு சின்னக் கூண்டில் பிடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அதன்பிறகு அவர் ஒன்றுமே செய்யவில்லை, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுவரில் இருந்த மிச்சத் தேனீ எல்லாம் பெட்டி வாசலுக்கு வரிசையாக நடந்து போயிற்று. பறக்கவில்லை, நடந்தது. அம்மா இதை மூன்று பேருக்குப் போனில் சொல்லிவிட்டார்கள்.

இருட்டியபிறகு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, பெட்டி வாசலை மூடி வண்டியில் ஏற்றினார். தேனீக்குச் சிவப்பு தெரியாதாம். பெட்டியை இங்கேயே விளையின் மூலையில் வைக்கலாமே என்று கேட்டேன். வைத்தால் நாளைக்குக் காலையில் எல்லாம் பழைய ஓட்டைக்கே திரும்பி வரும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்.

ஓட்டைக்கு மருந்தடித்து அடைத்துவிடலாம் என்று இன்னொருவர் சொன்னதையும் அவரிடம் கேட்டேன். தேனீ செத்தாலும் மெழுகும் புழுவும் உள்ளேயே அழுகும், எறும்பும் அந்துப்பூச்சியும் வரும், சுவரில் தேன் வடியும் என்றார். வாசலை மட்டும் அடைத்தால் அடுக்களைப் பக்கம் வழி தேடி வருமாம்.


மேல்புறம் ஜெயா | வியாழன் காலை 7.15

இரண்டாவது பாதி. நேற்று பகலில் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து மரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். எட்டரை மணிக்கு நாலு பேர் வந்தார்கள். எங்கள் வீட்டிலும் சுற்றி மூன்று வீட்டிலும் எல்லா லைட்டையும் அணைத்து, ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். கோழிக்கூட்டை நாங்கள் சாக்கால் மூடினோம். தலை முதல் கால் வரை மூடிய கவச உடை, நீளக் கம்பின் நுனியில் எண்ணெயில் நனைத்த துணி. மரத்தடியைத் தண்ணீர் விட்டு முதலிலேயே நனைத்துவிட்டார்கள், சருகு பிடிக்காமல் இருக்க. ஒரே நிமிஷம்தான். காகிதம் எரிகிற மாதிரி குப்பென்று பிடித்தது. நாங்கள் ஜன்னல் இடுக்கில் பார்த்தோம். எரியாமல் விழுந்த துண்டை மண்ணைப் போட்டு மூடினார்கள். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகாதீர்கள், வெளியே தங்கியிருந்தது சில திரும்பி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்று காலையில் மரத்தைச் சுற்றி ஏழெட்டு பறக்கிறது.

விடிந்தபிறகு கேட் பக்கம் ஒரு துண்டு கிடந்தது. உள்ளே அடுக்கு அடுக்காகக் குட்டி அறை, ஒவ்வொன்றும் ஆறு பட்டை, அளவெடுத்த மாதிரி. பெரியவன் பள்ளிக்குக் கொண்டுபோகிறேன் என்றான். விடவில்லை.


விளவங்கோடு சுரேஷ் | வியாழன் காலை 8.00

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தீயணைப்புக்காரரும் தீ வைத்துத்தானே எரித்தார்? நான் சொன்னதும் அதுதானே.


அருமனை ராசன் | வியாழன் காலை 8.10

தம்பி, அவர்கள் வண்டியில் தண்ணீரோடு வந்தார்கள். நீங்கள் கைலியோடு வருவீர்கள்.


மேல்புறம் ஜெயா | சனி காலை 8.40

சுவரை நேற்றுக் கொத்தனார் அடைத்துவிட்டார். அடைக்குமுன் மெழுகைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டேன். ஆனாலும் இருபது முப்பது தேனீ அந்த இடத்தில் வந்து வந்து முட்டிப் பார்க்கிறது. சாயங்காலம் எல்லாம் ஒரு கொத்தாகச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கொட்டுவதில்லை. மாமா விடிந்ததும் அங்கே தள்ளி நாற்காலி போட்டு, காப்பியோடு உட்கார்ந்துவிடுகிறார். என்ன பார்க்கிறீர்கள் என்றால் சும்மா என்கிறார்.

அண்ணே, பெட்டியைத் திருப்பிக் கொடுப்பீர்களா? நான் கேட்கவில்லை, மாமா கேட்கச் சொன்னார்.


தேன்பெட்டி | சனி காலை 9.25

வேலைக்குப் போய் நேரத்துக்குத் திரும்பாமல் விட்டுப்போனவை அவை. வீடும் ராணியும் இல்லாமல் ரொம்ப நாள் தாங்காது. மருந்து எதுவும் அடிக்க வேண்டாம்.

பெட்டி நன்றாக இருக்கிறது. வாழைநாரை எல்லாம் வெளியே தள்ளிவிட்டது, சர்க்கரைப் பாகு குடிக்கிறது. தை பிறந்து ரப்பர் தளிர்க்கும்போது கொண்டுவருகிறேன். ரப்பர் தேன் பூவில் இல்லை, அந்தத் தளிர் இலைக் காம்பில்தான் ஊறும். மாமாவிடம் சொல்லுங்கள், விளையின் கிழக்கு மூலையில், பிள்ளைகள் ஓடாத இடமாக ஒரு கல்தூண் நட்டு வைக்கட்டும். எறும்பு ஏறாமல் இருக்க அடியில் தண்ணீர்க் கிண்ணம் வேண்டும். அந்தக் கறுப்பு ஸ்வெட்டரையும் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள்.